முருகன் படத்தை மூடிய துணி

ஆடி 24, ஞாயிறு. இரவு

துக்க வீட்டில் உட்கார்ந்து டைரி எழுதுவது தப்புதான். யாரிடமும் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

தம்பி இறந்து இன்று பதினாறாம் நாள். சாமி படங்களை மூடியிருந்த துணியை எடுக்க நாற்காலியில் ஏறினேன். பக்கத்து வீட்டு ஆச்சி அம்மாவிடம், "காரணம் இல்லாம முருகன் எடுத்துக்கிட மாட்டான், அழாத" என்றாள்.

"அந்தக் காரணத்த அவனே வந்து என்கிட்ட சொல்லட்டும்" என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, அந்தச் சாரல்ல பைக்க எடுத்துக்கிட்டு இலஞ்சி முருகன் கோயிலுக்கு எதுக்குப் போனான்? உன்கிட்ட ஏதும் சொன்னானா?"

"தெரியாதும்மா" என்றேன். துணி என் கையில் இருந்தது. முருகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை கிடைத்தால் பதினொரு தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டவள் நான். அத்தனை பேர் முன்னால் உடைக்கக் கூச்சப்பட்டு அவனை அனுப்பினேன். "வேலை ஒனக்கு, தேங்கா ஒடைக்குத வேலை மட்டும் எனக்காக்கும்?" என்று சிரித்துக்கொண்டே போனான். உடைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் ஈரத்தில் பைக் சறுக்கியது.

இந்தப் பதினாறு நாளில் அம்மா என்னை எப்போதும்போல் உரிமையோடு 'ஏட்டி' என்று கூப்பிட்டது இன்றுதான். அதற்குப் பதிலாக ஒரு பொய் சொல்லியிருக்கிறேன்.

நாளை உண்மையைச் சொல்லிவிடுவேன். முருகா, உன்னிடம் காரணம் கேட்கவில்லை. நான் சொல்லி முடித்த பிறகும் அம்மா என்னை அப்படியே கூப்பிட வேண்டும்.