ஸ்வென்னின் அறுபதுக்கு நான் எழுதிய பாட்டு

3 செப்டம்பர் 2006

அன்பு மகன் ஸாலிஹுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் அப்பாவும் நானும் இங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். நீயும் ராட்டர்டாமில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கப்பல் பட்டறை வேலைக்கு நடுவே கொஞ்சம் தூங்கவும் செய்கிறாய் என்று நம்புகிறேன். போனில் கேட்கலாம்தான். ஆனால் பேச்சு பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பியதும் நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போடலாம். பெற்றவள் எழுத்தைக் கிழிக்கிற பிள்ளை இல்லை நீ.

இந்த வருஷம் பிளம்ஸ் கிளை முறிகிற அளவுக்குக் காய்த்துவிட்டது. அடுப்படி முழுக்க ஜாம் பாட்டில்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. டாக்டர் நடக்கச் சொன்னார் என்று துறைமுகம் வரை போகிறார், அங்கே பெஞ்சில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுகிறார், திரும்பும்போது யாராவது காரில் கொண்டுவந்து விடுகிறார்கள். கேட்டால், "நடந்தேனே, பாதி நடந்தேனே" என்கிறார்.

இனி நீ கேட்க விரும்பாத விஷயத்துக்கு வருகிறேன்.

பிப்ரவரியில் நீ கிளம்பிப் போனபோது சொன்னதெல்லாம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. பெரிய டேனிஷ் பத்திரிகை நபிகளைக் கேலிப் படமாகப் போட்டு, உலகமே கொதித்துக்கொண்டிருந்த சமயம். அதை வரைந்தவர்கள் நமக்கு யாரோ. ஆனால் வேலிக்கு அந்தப்புறம் இருக்கிற ஸ்வென், உனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், நம் ஊர் வாரத்தாளில் தானும் ஒன்று வரைந்தார். அது எப்படி இருந்தது என்று எழுத இப்போதும் எனக்குக் கை வரவில்லை. "அந்தாளோட பேச்சு வார்த்தைய நிறுத்துங்க. நிறுத்துற வரைக்கும் இந்த வாசல்ல கால் வைக்க மாட்டேன்" என்றாய். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். போகிற போக்கில், "நீ பயந்துட்டம்மா, அவங்க ஊர்ல இருக்கோம்னு வாய மூடிக்கிட்ட" என்றாயே, அதுதான் இத்தனை மாதமாக நெஞ்சில் நிற்கிறது. ஏனென்றால் அதில் பாதி உண்மை.

மீதிப் பாதியையும் கேள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் இல்லை. எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை. வேலி ஓரம் ஸ்வென் "எப்படி இருக்க, ஹவ்வா?" என்று கேட்பார், நான் "நல்லாருக்கேன்" என்பேன். கறி வைத்துப் போரெக் சுட்டால் அவர்கள் வீட்டுக்கு ஒரு தட்டு போகும் இல்லையா, அதை நிறுத்தினேன். அவருக்கு அது உறைத்ததா என்றுகூடத் தெரியவில்லை. அவர் மனைவி இங்கர் மட்டும் நான் குனிந்து களை பிடுங்குவது போல முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

இப்படியே போய்க்கொண்டிருக்கையில் ஸ்வென்னுக்கு அறுபது வந்தது. ஊர் மன்றத்தில் விருந்து, நமக்கும் அழைப்பு. உன் அப்பா, "போகாம இருந்தா அதுவும் ஒரு பேச்சுதான். ஆனா யாருக்கும் புரியாத பேச்சு" என்றார். எப்போதாவது அவர் வாயிலிருந்தும் நல்ல வார்த்தை வருகிறது.

பிறந்தநாள் பாட்டு இங்கே எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேண்டியவர்கள் கேலிப் பாட்டு எழுதி அச்செடுத்து மேசைக்கு மேசை கொடுக்க, விருந்தை நடத்துகிறவரைத் தவிர யாரும் முன்கூட்டிப் படிக்காமல் எல்லாரும் சேர்ந்து பாடியாக வேண்டும். பிறந்தநாள்காரர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். நீ பள்ளி முடித்தபோது உன் மோப்பட் சாக்கடையில் விழுந்ததை ஸ்வென் பாட்டாக எழுதி, நீ மேசைக்கு அடியில் ஒளிந்தாய். இந்த ஊரில் கேலி செய்யப்படாதவன் இன்னும் விருந்தாளி என்று அர்த்தம். நான் இத்தனை வருஷத்தில் யாரையும் கேலி செய்ததில்லை. என்னையும் யாரும் செய்ததில்லை.

ஆக, ஸ்வென்னுக்கு நான் பாட்டு எழுதினேன். நான் வேலை பார்க்கிற குழந்தைகள் காப்பகத்தில் தினமும் பாடுகிற வாத்துப் பாட்டின் மெட்டு. முதல் மூன்று பத்தியும் கேலி. ஊரில் உள்ளவர்கள் மூக்கையெல்லாம் பெரிதாக வரைகிறவர் தன் மூக்கை மட்டும் வரைந்ததில்லை, அவர் நட்ட தக்காளியை நத்தைகள் தின்று நத்தைகள் கொழுத்தன என்றெல்லாம். நாலாவது பத்தியில்தான் விஷயம்:

வரைய உனக்கு உரிமை உண்டு, ஸ்வென்,
வலிக்க எனக்கும் உரிமை உண்டு, ஸ்வென்,
வேலி ஓரம் நின்ற இத்தனை வருஷத்தில்
வலிக்குமா என்று கேட்டாயா, ஸ்வென்?

டேனிஷில் இதைவிடக் கொஞ்சம் நன்றாக எதுகை இருக்கிறது.

விருந்தை நடத்துகிறவர் ஃப்ரோடெ, உன் பழைய தலைமையாசிரியர். வழக்கப்படி பாட்டை அவரிடம் முன்னதாகக் கொடுத்தேன். மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார். காப்பியைத் தொடவில்லை. "ஹவ்வா, பாட்டு பிரமாதம். ஆனா அந்தக் கடைசிப் பத்தி வேணாமே. பொறந்தநாளும் அதுவுமா மனுஷன் மனசு நோகும்" என்றார். பிப்ரவரியில், கேலியைத் தாங்கத் தெரியாதவர்களுக்குச் சுதந்திர நாட்டில் வாழத் தெரியாது என்று வாரத்தாளில் எழுதியவர் இவர்தான். நான் சிரித்துவிட்டேன். "மனசு நோகும்னு உங்களுக்குத் தெரியுமா ஃப்ரோடெ? நல்லது, இப்பவாவது தெரிஞ்சுதே" என்றேன். மனிதருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. ஆனால் யோக்கியர், மறுக்கவில்லை. "சரி, எனக்கு இது வேணும்தான்" என்றார்.

ஸாலிஹ், ஒன்றை உன்னிடம் மறைக்க மாட்டேன். அவர் 'வேணாமே' என்றபோது எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. நான் எழுதியதை நிறுத்த நீ யார் என்று இருந்தது. அந்தக் கணத்தில்தான் ஸ்வென்னின் பக்கத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது என்று எனக்குச் சுருக்கென்று பட்டது. வரைகிற அவர் கையை நாளைக்கு யாராவது பிடித்து நிறுத்தினால், அடுத்து எழுதுகிற என் கையைப் பிடிப்பார்கள். படத்தை மன்னித்தேன் என்று இதற்கு அர்த்தமில்லை. இரண்டும் சேர்ந்தே எனக்குள் இருக்கின்றன, ஒன்றை ஒன்று கடித்துக்கொள்ளாமல்.

ஃப்ரோடெ நேராக ஸ்வென்னிடம் போய்விட்டார். ஸ்வென் தாளை வாங்கிப் பார்க்க மறுத்துவிட்டாராம். "என் பாட்ட நான் முன்னாடியே படிக்கறதா? அப்புறம் அது என்ன பாட்டு? என்ன எழுதியிருந்தாலும் பாடுங்க" என்றாராம். அதைக் கேட்டு எனக்குப் பாதிக் கோபம் போனது. வரைவதற்கு ஒரு நியாயம், கேட்பதற்கு ஒரு நியாயம் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை.

விருந்தன்று பாட்டுத் தாளை மேசைக்கு மேசை நானே கொடுத்தேன். உன் அப்பா தட்டில் கோழியை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் மூன்று பத்திக்கும் மன்றம் அதிர்ந்தது. நத்தைக்கு மேசையைத் தட்டினார்கள். நாலாவது வந்தது. முதல் அடியைச் சத்தமாக ஆரம்பித்தவர்கள் இரண்டாவது அடியில் என்ன பாடுகிறோம் என்று கண்டுகொண்டார்கள். குரல்கள் ஒவ்வொன்றாக இறங்கின. மூன்றாவது அடியில் முணுமுணுப்புதான். கடைசி அடியை ஒரே ஒரு குரல் பாடியது. ஸ்வென். பிறந்தநாள்காரர் பாட வேண்டியதே இல்லை, தெரியுமே உனக்கு. அந்தத் தகரக் குரலில், சுருதி விலகி, "வலிக்குமா என்று கேட்டாயா, ஸ்வென்" என்று தன்னைத்தானே கேட்டு முடித்தார்.

பிறகு எழுந்தார். "வரைஞ்சத வரையலன்னு சொல்ல மாட்டேன். அந்தப் படம் என்னுதுதான், அத நான் திரும்ப வாங்கிக்கவும் போறதில்ல. ஆனா இந்தக் கேள்விய நான் கேட்கல. பக்கத்து வீட்டுக்காரன்னு சொல்லிக்க வெக்கமா இருக்கு. இப்ப கேட்கறேன். வலிச்சுதா ஹவ்வா?" என்றார்.

மன்றமே என்னைப் பார்த்தது. நான் எழுந்து, "வலிச்சுது" என்றேன். அவ்வளவுதான்.  அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். இங்கர் அழுதாள். உடனே உன் அப்பா, "மூக்கு விஷயத்துக்குப் பதில் சொல்லலியே!" என்று கத்தினார், கூட்டம் கொல்லென்று சிரித்தது. இங்கத்து வழக்கப்படி ஒன்பது தடவை 'ஹுர்ரா' என்று வாழ்த்து முழக்கம் போட்டார்கள், கேக் வந்தது.

மறுநாள் போரெக் சுட்டேன். அதிகமாக ஒன்றும் இல்லை, வழக்கமான ஒரு தட்டுதான். எனக்கு மனசு லேசாக இருக்கிறது, மகனே. ஒளிக்காமல் சொல்கிறேன், பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்குகிறேன்.

நீ சொன்னபடி நான் பேச்சை நிறுத்தவில்லை. ஆனால் வாயையும் மூடவில்லை. ஒரு மன்றம் நிறைய ஆட்களின் வாயைத் திறந்து என் வலியைப் பாட வைத்தேன். உனக்கு இது போதாது என்று தோன்றலாம். உன் வலி உன்னுடையது. அதற்கும் சேர்த்து நான் பாட முடியாது.

இந்த மாதக் கடைசியில் நோன்பு தொடங்குகிறது. மனசு ஆறட்டும், அப்புறம் வா என்று நான் சொல்லப் போவதில்லை. ஆறாத மனசோடேயே வா. ஸ்வென் வீட்டுக் கதவைத் தட்டி, சொல்ல வேண்டியதை அவர் முகத்துக்கு நேரே சொல். கத்த வேண்டுமானால் கத்து. அவர் கேட்டுக்கொள்வார், எதிர்த்தும் பேசுவார். அது உங்கள் இருவர் பாடு. எனக்கு இந்தச் சுவருக்குள் உன் குரல் கேட்க வேண்டும். அது சண்டை போடுகிற குரலாக இருந்தாலும் போதும்.

அல்லாஹ் உன் கைக்கும் நாவுக்கும் பலம் தரட்டும், உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வரவுக்கு ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கும்
அம்மா,
ஹவ்வா