கொக்கியில் இல்லாத அட்டை

ஜனவரி 12, திங்கள்

வயிறு கொஞ்சம் இறங்கியிருக்கிறதாம். "பிப்ரவரி கடைசி வரைக்கும் தாங்கும், போம்மா" என்று டாக்டரம்மா அனுப்பிவிட்டார்.

தாங்க வேண்டும். ரெதுவான் இந்த ஆலையில் சேர்ந்து பிப்ரவரி 18-ல்தான் ஆறு மாதம் முடிகிறது. அதன் பிறகு பிள்ளை பிறந்தால் அப்பாவுக்குப் பதினைந்து நாள், சம்பளத்தோடு. அது இந்தக் கம்பெனியின் ஏற்பாடு. முன்னால் பிறந்தால் சட்டம் எல்லோருக்கும் கொடுக்கிற மூன்றே நாள். இதை எனக்குச் சொன்னதே அவன்தான். ராத்திரி என் வயிற்றில் வாயை வைத்து, "செல்லம், அப்பா இன்னும் புது ஆளு. அவசரப்படாதே" என்கிறான்.

அம்மா ஊரை, ஊஜ்தாவை, விட்டு வர முடியாது. படுத்த படுக்கையாகக் கிடக்கிற என் அப்பாவை விட்டுவிட்டு எப்படி வருவாள்? எனக்கு இவன்தான்.

ஜனவரி 25, ஞாயிறு

பெண். வியாழக்கிழமை, அறுத்துத்தான் எடுத்தார்கள். ரீம் என்று பெயர் நினைத்திருக்கிறோம். அப்பா சொன்ன எதையும் கேட்கவில்லை அவள்.

இன்று வீட்டுக்கு வந்தோம். நாளை அவன் வேலைக்குப் போக வேண்டுமே, கட்டிலிலிருந்து எழுந்திருக்கவே எனக்கு ஒரு கை வேண்டுமே என்று வழியெல்லாம் அழுதேன். டாக்ஸியில் முன்னால் உட்கார்ந்திருந்தவன் திரும்பாமலே சொன்னான்: "லீவு கிடைச்சிடுச்சு. பதினஞ்சு நாளும்."

எப்படி?

"மேல பேசினேன்."

மேலே யார்? சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. மேலே இருப்பவர்களுக்கு இவன் பெயராவது தெரியுமா?

ஜனவரி 26, திங்கள்

போன் வந்தால் பால்கனிக்குப் போகிறான். கண்ணாடிக் கதவை வேறு சாத்திக்கொள்கிறான்.

ஜனவரி 27, செவ்வாய்

வாசல் கதவுக்குப் பின்னால் கொக்கியில் அவனுடைய அட்டை தொங்கும். நீல நாடா, முழித்துப் பார்க்கும் போட்டோ. அதைத் தேய்த்தால்தான் ஆலைக் கதவு திறக்கும். அதைக் காணவில்லை.

"எங்க அட்டை?"

"இங்கதான் எங்கயாவது கிடக்கும்."

வேலையை விட்டு நிறுத்தினால் முதலில் அட்டையைத்தான் பிடுங்குவார்கள்.

நான் சும்மா சந்தேகப்படுகிறவள் இல்லை. போன வருடம் பழைய இடத்தில் வேலை போனபோது என்ன செய்தான்? என்னிடம் சொல்லாமல், தினமும் நான் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய் கடற்கரையில் உட்கார்ந்திருந்தான். செருப்பில் மணல் இருந்ததால் கண்டுபிடித்தேன்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "போன தடவை கடற்கரை. இந்தத் தடவை வேலை போனதும் வீட்டுக்குள்ளயே உக்காந்துட்டான் போல" என்றாள். சிரிக்கவில்லை.

ஜனவரி 28, புதன்

ஏழாம் நாள். ஆடு அறுத்து, பெயர் வைத்தாயிற்று. வெந்தயம் போட்ட கோழியை அவனே சமைத்தான், ரொட்டியைக் கிழித்துப் பரப்பியதும் அவன்தான். வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டார்கள், நான் தலையணைக்கு நடுவில் பொம்மை மாதிரி.

ஆலையில் அவனோடு கார்களுக்கு ஒயர் கட்டுகிறவர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். கையில் நீலத்தாள் சுற்றிய சர்க்கரைக் கூம்பு, முறையாகத்தான். ஆனால் ஒவ்வொருவர் கண்ணும் மிளகாய் பட்டது போல. அவர்களில் புவாஸா டீக் குவளையைப் பிடித்தபடியே தூங்கிவிட்டார். அவர் மனைவி சாதியா அவரை முழங்கையால் இடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"கொடுத்து வச்சவ நீ, இக்ராம். உன் ஆளு வீட்ல துணி துவைக்கிறாரு. என் ஆளு வீட்டுக்கே வர்றதில்ல."

"ஏன், ஆலையில அவ்வளவு வேலையா?"

"அதை என்கிட்ட கேக்கிறியா?" என்றாள்.

நான் வேறு யாரிடம் கேட்பது? ரெதுவான் அடுப்படியிலிருந்தே, "சாதியா, இன்னும் கொஞ்சம் கோழி?" என்று வந்துவிட்டான். ஒரு வார்த்தை கூட அவளைப் பேச விடவில்லை.

நவால் என்று ஒரு சின்னப் பெண்ணும் வந்திருந்தாள், ஆறேழு மாத வயிறு. புருஷன் அய்யூப் நவம்பரில்தான் சேர்ந்தானாம். "அக்கா, புது ஆளுக்கும் லீவு தர்றாங்களா?" என்று ஆசையாகக் கேட்டாள். ரெதுவானைப் பார்த்தேன். எலும்பு பொறுக்கிக்கொண்டிருந்தான்.

ஜனவரி 30, வெள்ளி

ஆலை அலுவலகத்தின் எண்ணைத் தேடி எடுத்தேன். கூப்பிடவில்லை. வேலை போகவில்லை என்றால், பெண்டாட்டி வேவு பார்க்கிறாள் என்று அவனுக்குத்தான் அவமானம். போயிருந்தால்—

போயிருந்தால் வாடகை?

பிப்ரவரி 2, திங்கள்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அவன் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தான். என் போன் அடித்தது. ஆலை அலுவலகத்திலிருந்து ஒரு பெண். குழந்தையைக் காப்பீட்டில் சேர்க்க வேண்டுமாம், பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டாள். பிறகு சொன்னாள்: "உங்க வீட்டுக்காரர் இப்ப லைன்ல நின்னுட்டிருப்பாரு, போனை எடுக்க மாட்டாரு. அதான் உங்களைக் கூப்பிட்டேன். காலையிலயே கிளம்பிட்டாருல்ல?"

மாடியில் அவன் செருப்புச் சத்தம் கேட்கிறது. ரீமின் சட்டையை உதறுகிற சத்தம் கேட்கிறது.

"ஆமா, விடியறதுக்குள்ளயே கிளம்பிட்டாரு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? தெரியாது. எதைக் காப்பாற்றுகிறேன் என்று தெரியாமலே காப்பாற்றினேன்.

அவன் கீழே வந்ததும் சொன்னேன். முகம் சுண்ணாம்பு ஆகிவிட்டது. கூடையை வைக்கவில்லை. "நீ என்ன சொன்னே? இக்ராம், நீ என்ன சொன்னே?"

சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எங்க ஊர்ல அறுப்புக்கு துவீஸா போவாங்க, தெரியும்ல? ஊரே சேர்ந்து ஒருத்தன் வயல்ல இறங்கும். மறுநாள் இன்னொருத்தன் வயல். அந்த மாதிரிதான். என் இடத்துல பசங்க முறை போட்டு நிக்கிறாங்க. தன் ஷிஃப்ட் முடிச்சு, என் அட்டையைத் தேச்சு, திரும்பவும் உள்ள போறாங்க. மேஸ்திரியும் எங்க ஊர்ப் பக்கத்து ஆளுதான். அவருக்கு லைன்ல இடம் காலியா இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

அப்படியானால் அந்தச் சிவந்த கண்கள்.

"ஆபீசுக்குத் தெரிஞ்சா?"

"எல்லாருக்கும் வேலை போகும்."

புவாஸாவுக்கு மூன்று பிள்ளைகள். நான் வெள்ளிக்கிழமை அந்த எண்ணை அழுத்தியிருந்தால்?

"என்கிட்ட ஏன்டா சொல்லலை?"

"சொன்னா நீ வேணாம்னு சொல்லியிருப்பே. தையலைப் பிடிச்சுக்கிட்டு நீயே எழுந்து எல்லாம் செஞ்சிருப்பே."

அது உண்மைதான். ஆனாலும் ஊரில் யாரும் சும்மா அறுத்துக் கொடுப்பதில்லை. "பதிலுக்கு என்ன கேட்டாங்க?"

கூடையிலிருந்த துணிக் கவ்விகளை எண்ணுகிறவன் மாதிரி கிளறினான்.

"நோன்பு மாசம். சாயங்கால ஷிஃப்ட் யாருக்கு விழுந்தாலும் நான்தான்."

பிப்ரவரி 3, செவ்வாய்

நாங்கள் மூன்று பேராக நோன்பு திறக்கப்போகிற முதல் வருடம். பேசவில்லை இன்று அவனோடு. அவன் செய்த சூப்பை மட்டும் குடித்தேன்.

பிப்ரவரி 18, புதன்

இன்றோடு ஆறு மாதம். இன்றைக்குப் பிறந்திருந்தால் எல்லாம் முறைப்படியே கிடைத்திருக்கும். ரீமிடம் சொன்னேன், கொட்டாவி விட்டாள்.

நாளை நோன்பு.

பிப்ரவரி 27, வெள்ளி

பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழம், ஹரீரா சூப், நான், ரீம். எதிரே அவன் கிண்ணத்தையும் வைத்தேன், பிறகு எடுத்துவிட்டேன். ஆலையில் லைனை நிறுத்தாமல் ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு ஒயரைப் பிடிப்பார்களாம்.

இதே நேரத்தில் சாதியா வீட்டில் புவாஸா பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பார். சாதியா ஒரு தட்டு தேன் பலகாரம் கொடுத்தனுப்பியிருந்தாள். இனிப்புக் கூடுதல். எல்லாவற்றையும் நானே தின்றேன்.

மார்ச் 31, செவ்வாய்

பெருநாள் முடிந்து பத்து நாள் ஆகிறது. கணக்கு தீர்ந்தது என்று ரெதுவான் தாடியை மழித்துக்கொண்டான். வாரக்கடைசியில் ஊஜ்தாவுக்கு ரயில் ஏறுவதாக இருந்தோம்.

இன்று அவனுக்கு வேலை இல்லாத நாள். ஆனால் காலையில் எழுந்து சட்டையை மாட்டினான். "எங்கே?" என்றேன். "சும்மா, வந்துடறேன்" என்றான். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டான். மறுபடியும் கடற்கரையா? கதவைச் சாத்தப் போனால், அவன் அட்டை கொக்கியிலேயே தொங்குகிறது.

மதியம் நவால் போன் செய்தாள். நேற்று பிரசவம், ஆண். அழுதுகொண்டிருந்தாள்.

"அக்கா, அய்யூப் வீட்லயே இருக்காரு. லீவு கொடுத்துட்டாங்கன்னு சொல்றாரு. இன்னும் ஆறு மாசம் ஆகலையே, யாரு கொடுப்பா? அட்டையையும் காணோம். எனக்கு என்னமோ சரியாப் படல. ஆபீசுக்கு ஒரு போன் போட்டுப் பாக்கட்டுமா?"

நீல நாடா காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. போட்டோவில் ரெதுவான் என்னை முழித்துப் பார்த்தான்.

"போன் எல்லாம் போடாதேம்மா," என்றேன். "கொடுப்பாங்க. எங்களுக்கும் கொடுத்தாங்களே. நீ நல்லாத் தூங்கு."