அப்பா அழுத பொம்மைப் படம்

கையில் வெங்காய வாசம் போகாத என் அம்மாவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது அப்பாவின் கையில் அணைந்துபோயிருந்த பீடிதான். இழுக்காமல் விட்டால் பீடி தானாக அணைந்துவிடும். அப்பா அப்படி அணைய விட்டு நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அப்பா அழுதுகொண்டிருந்தார் அம்மா.

நீ நம்ப மாட்டாய். விளக்கு வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பாடாலூர் பள்ளிக்கூட மைதானத்துக்குப் படம் காட்டும் வண்டி வந்திருந்தது. பொம்பளைகள் ஒரு பக்கம், ஆம்பளைகள் ஒரு பக்கம். உன் சின்னவள் என் மடியிலேயே தூங்கிப்போனாள். அப்பா படம் காட்டும் மிஷின் பக்கத்தில் நின்றிருந்ததால் அதன் வெளிச்சம் கொஞ்சம் அவர் மேல் விழுந்தது. கன்னத்தில் இறங்கிய தண்ணீர் தாடையில் வந்து நின்றது. அவர் துடைக்கவில்லை. தான் அழுவது அவருக்கே தெரியவில்லை போலிருந்தது.

அழும்படி என்ன படம் என்று கேட்பாய். அதுதான் எனக்குச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அது பொம்மைப் படம். மனிதர்கள் நடித்தது இல்லை, கையால் வரைந்தது. மாடுகளுக்குக் கோமாரி ஊசி போடச் சொல்லி எடுத்த படம். அதில் ஒரு குடியானவன், மூக்கை விடப் பெரிய மீசை. அவனுக்கு இரண்டு மாடு. மாட்டுக்குப் பொம்பளைப் பிள்ளை மாதிரி நீள நீளமான இமை. மாடு இமைத்தபோதெல்லாம் கூட்டமே சிரித்தது, நானும் சிரித்தேன்.

அந்த ஆள் ஊசி போடாமல் விட்டுவிடுகிறான். ஒரு மாடு வாயில் நுரை தள்ளிப் படுக்கிறது. அது சாவதை எப்படிக் காட்டினார்கள் தெரியுமா? அந்த மாட்டின் கோடு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துகொண்டே போய், கடைசியில் வெறும் தரை இருந்தது. அடுத்த நாள் காலையில் மற்ற மாடு தானாக வந்து நுகத்தடிக்குக் கீழே நிற்கிறது. தன் பக்கத்தில் மட்டும். அந்த ஆள் அதை நடுவில் இழுத்து நிறுத்துகிறான். அது நகர்ந்து நகர்ந்து பழையபடி தன் பக்கத்துக்கே போகிறது. மறுபடி இழுக்கிறான், மறுபடி போகிறது. அதைப் பார்த்துத்தான் கூட்டம் ரொம்பச் சிரித்தது. அப்போதுதான் அப்பாவின் பீடி அணைந்தது.

"உங்கப்பனுக்குக் கண்ணுக்குள்ள கெணறே வெட்டல" என்று நீ சொல்வாய். மாடுகளிடம் பேசுவதில் பாதியை உன்னிடம் பேசியிருந்தால் போதும் என்பாய். உண்மைதானே. மயிலை மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் கழுத்தைத் தடவிக்கொண்டு அரை நாள் பேசுவார். உன்னிடம் பேசியதாக எனக்கு நினைவிருப்பது ஒரே ஒரு பேச்சுத்தான். கொல்லையிலிருந்து வந்து கொட்டகை ஓரமாக நின்று, "மாட்டுக்குத் தண்ணி வச்சாச்சா?" என்பார். நீ "வச்சாச்சுங்க" என்பாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு தட்டு வைக்கிற சத்தமும் மோர் ஊற்றுகிற சத்தமும்தான் கேட்கும்.

நீ கண் மூடிய பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

உன் தம்பி, உடையார்பாளையம் மாமா, கோடிச் சேலையோடு வந்து இறங்கியபோது உச்சி வெயில். பொம்பளைகள் எழுந்து, கூட வந்த அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். மாமா உன் காலடியில் விழுந்து புரண்டார். அப்பா உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார், காய்ந்த கண்ணோடு. காலையிலிருந்து அப்படித்தான் இருந்தார். கொட்டகையில் மாடுகள் கத்திக்கொண்டிருந்தன, அது நீ தண்ணீர் வைக்கிற நேரம். மாமாவின் அழுகை கொஞ்சம் அடங்கினபோது அப்பா வாயைத் திறந்தார்.

"மாட்டுக்குத் தண்ணி வச்சாச்சா?"

அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து நான் எழுந்து ஓடினேன், குடத்தை எடுத்துக்கொண்டு. எனக்கு வேறு என்ன தெரியும்? நான் ஓடியதுதான் எல்லாருக்கும் சாட்சி ஆகிவிட்டது. பெண்டாட்டியைக் கிடத்தி வைத்துக்கொண்டு பெற்ற பிள்ளையை மாட்டுக்குத் தண்ணீர் வைக்க விரட்டினான் என்று.

மாமா கோடியைப் போட்டுவிட்டு, காரியத்துக்குக்கூட நிற்காமல் போய்விட்டார். பிறகு அப்பாவின் பங்காளிகள் போய்ப் பேசியபோது ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார். "எங்கக்காவுக்குன்னு அந்த ஆளு கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வந்துச்சுன்னு கேள்விப்படட்டும், அன்னைக்கு வரேன்."

அதனால் சின்னவளுக்கு இன்னும் காது குத்தவில்லை அம்மா. தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் குத்துவது? உறவு முறையில் வேறு யாரையாவது உட்கார வைக்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். உடன்பிறந்த தம்பி உயிரோடு இருக்கும்போது அது முடியாது என்று அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். நீ போகும்போது நடக்கத் தெரியாமல் இருந்தவள் இப்போது ஊர் முழுக்க ஓடுகிறாள். மற்ற பிள்ளைகளின் தோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். வெங்காயத் தாளில் சின்ன வளையம் செய்து காதில் ஒட்டிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினாள். நான் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

படம் முடிந்த மறுநாள் டீக்கடையெல்லாம் இதே பேச்சு. அப்பாவைக் கண்டால் ஒருவன் மாடு மாதிரி கத்துகிறான். இன்னொருவன், வண்டி அடுத்த வாரம் அரும்பாவூர் போகிறதாம், துண்டு எடுத்துக்கொண்டு போங்கள் என்கிறான். அப்பா மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு வெங்காயக் களத்துக்குத்தான் போகிறேன், உன்னோடு வேலை செய்த அஞ்சலை அக்கா கூட. காய்ந்த தாளை அறுத்துக் கூடையில் போடுகிற வேலை. அங்கேயும் இதே பேச்சுத்தான். என்னை வைத்துக்கொண்டே பேசினார்கள்.

"நெசமான பொண்டாட்டி செத்தப்ப அழுவல. வரஞ்ச மாட்டுக்கு அழுவுறாரு" என்று ராசாத்தி அக்கா சொன்னாள். "கோடு அது. கோட்டுக்கு யாராச்சும் அழுவாங்களா?"

அஞ்சலை அக்கா கையை நிறுத்தாமல், "நீ போன மாசம் டவுன்ல சினிமா பாத்துட்டு மூக்கச் சிந்திக்கிட்டே வந்தியே, அதுல செத்தவ நெசமாவாடி செத்தா? அடுத்த படத்துல ஆடிக்கிட்டு இருப்பா" என்றாள்.

"அது மனுசி நடிக்கிறாக்கா. மூஞ்சி தெரியுது."

"மூஞ்சி தெரியுறதுனாலதான் அவ வேற யாரோன்னு தெரியுது" என்றாள் அஞ்சலை அக்கா. பிறகு என் பக்கம் பார்த்து, "ஏ வளரு, தாள அறு. வெங்காயக் களத்துல அழுதா கணக்குல சேராது, அழுதுக்க" என்று சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அப்பாவுக்குத்தான் இப்படி ஒரு களம் இல்லை.

அவள் சொன்னதை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சினிமாவில் நடிக்கிறவளுக்குச் சொந்த முகம் இருக்கிறது, பேர் இருக்கிறது, சுவரில் போஸ்டர் இருக்கிறது. அந்த வரைந்த மாட்டுக்கு என்ன இருக்கிறது? இரண்டு கண், ஒரு கோடு. முகம் போட வேண்டிய இடம் காலியாகவே இருக்கிறது. அதில் யார் வேண்டுமானாலும் வந்து நின்றுகொள்ளலாம். பிள்ளைகளுக்குப் பொம்மை பொம்மையாகத் தெரியும். பெரியவர்களுக்குத்தான் அதில் கொண்டுபோய் வைக்க யாராவது இருக்கிறார்கள். எனக்கு இப்படித்தான் தோன்றுகிறது. எட்டாவதோடு நின்றவள் சொல்வது, தப்பாக இருந்தாலும் இருக்கட்டும்.

இந்தப் பேச்சு உடையார்பாளையம் வரைக்கும் போய்விட்டது. முந்திரிக்கொட்டை வாங்கப் போன ஆள் யாரோ மாமாவிடம் சிரிப்பாகச் சொல்லியிருக்கிறான். மாமா சிரிக்கவில்லையாம். "எங்கக்காவ விட அந்தப் பொம்ம மாடு ஒசந்து போச்சா? இனிமே அந்த வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சொன்னாராம். எந்தக் கண்ணீருக்காகக் காத்திருந்தாரோ அதே கண்ணீர் வந்து கதவைச் சாத்திவிட்டது.

படம் பார்த்த அன்றைக்கு வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. அஞ்சலை அக்காவிடம்கூட. உனக்குச் சொல்கிறேன். வேறு யார் படித்தாலும் படிக்கட்டும்.

படம் விட்டு நடந்து வந்தோம். சின்னவளை அப்பா தோளில் போட்டிருந்தார். பாதி வழியில், "அந்த மாடு அதும் பக்கமே போயி நின்னுச்சு, பாத்தியா வளரு" என்றார். நான் "உம்" என்றேன். வீடு வந்ததும் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, கொட்டகை ஓரமாகப் போய் நின்றார்.

"மாட்டுக்குத் தண்ணி வச்சாச்சா?"

நீ போனதிலிருந்து அவர் அப்படிக் கேட்டதே இல்லை அம்மா. தண்ணீர் வைக்க வேண்டும் என்றால் "வளரு, தண்ணி வையி" என்பார். இல்லாவிட்டால் அவரே வைத்துவிடுவார். நான் "வச்சிட்டேன்" என்று சொல்ல வாயெடுத்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நீ குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாயே, தொட்டிக்கு அந்தப் பக்கம், அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்பா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அஞ்சலை அக்காவை, பங்காளிகளை, மாடுகளைக்கூடப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். உன் பேரை மட்டும் சொன்னதில்லை. நம் ஊரில் எந்த ஆம்பளைதான் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான்? நம் வீட்டில் பேர் இல்லாமல் வந்த பேச்செல்லாம் உன்னுடையது. அன்றைக்கு உன் தலைமாட்டில் உட்கார்ந்து கேட்டாரே, அதிலும் பேர் இல்லை. கேட்டது என்னை இல்லை. உன் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். நீ "வச்சாச்சுங்க" என்று சொல்வாய் என்று காத்திருந்தார். அதற்குள் நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டேன்.

நான் ஓடாமல் இருந்திருந்தால் அவர் அங்கேயே உடைந்து அழுதிருப்பாரா? மாமா பார்த்திருப்பாரா? எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் அவர் பேசியது ஒரே பேச்சுத்தான் என்று நீயும் வருத்தப்பட்டாய், நானும் உனக்காக வருத்தப்பட்டேன். அந்த ஒரு பேச்சிலேயே அவர் எல்லாவற்றையும் வைத்திருந்தார் என்பது நீ இருக்கும்போது நம் இரண்டு பேருக்கும் தெரியாமல் போனதே. உனக்கு ஒரு தடவையாவது அந்த அணைந்த பீடியைக் காட்ட முடிந்திருந்தால்.

நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். மாமா வீட்டில் தண்ணீர் வேண்டும் என்றால்கூட உன் முந்தானையைத்தான் இழுப்பேன். ஆனால் இதை எழுதி அனுப்பினால் சரிவராது. மாமா முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்றைக்குச் சின்னவளைக் கூட்டிக்கொண்டு உடையார்பாளையம் போகிறேன். பெரம்பலூரில் இறங்கி அரியலூர் பஸ், அங்கிருந்து ஜெயங்கொண்டம் பஸ். அவர் வாசலிலேயே நிறுத்திக் கேட்டாலும், சிரித்தாலும், பொம்மை மாடு என்று கத்தினாலும், பேர் இல்லாத அந்தப் பேச்சு யாருடையது என்று சொல்லி முடிக்காமல் திரும்ப மாட்டேன். இது உன்மேல் ஆணை அம்மா.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போனேன். சின்னவளுக்குத் தலை சீவி, காதில் ஒட்டியிருந்த தாளை எடுத்துவிட்டேன். தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றினேன். அப்பா கொல்லையிலிருந்து வந்து கொட்டகை ஓரமாக நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. நான் தொட்டிக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டேன். உன்னைப் போல எனக்குச் சொல்ல வராது. "வச்சாச்சுப்பா" என்றேன்.

உன் மூத்த மகள்,
சின்னவளுக்கு அக்கா,
வளர்மதி