ராமாத்தாளின் குங்குமம்

9-8-1974, ஆடி வெள்ளி

மீனாட்சிபுரத்தில் மாடு வைத்துப் பால் ஊற்றும் ராமாத்தாளின் புருவத்தில் கீறிச் சுரண்டிய தோலுக்கு இன்று லேபில் சாயம் ஏற்றினேன். நீலத்தின் நடுவே சிவப்புக் குச்சிகள். தொழுநோய்க் கிருமிகள்தான், அமிலத்தில் கழுவியும் சிவப்பு போகவில்லை. டாக்டர் லீவு. நானே சொல்லும்படி ஆகிவிட்டது.

தானும் பார்க்கவேண்டும் என்று ராமாத்தாள் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தார்.

"ஏனுங்க, அது என்ற நெத்திக் குங்குமமுங்க. வெள்ளிக்கெழமைன்னு நெறைய வெச்சுட்டு வந்துட்டனுங்க. இன்னொருக்கா கழுவிப் பாருங்க."

மாத்திரையில் குணமாகிவிடும் என்றேன்.

"அதுவரைக்கும் எம்பட பாலை யாருங்க வாங்குவாங்க?"

பயனில்லை என்று தெரிந்தும் அவருக்காக மறுபடி கழுவினேன். சிவப்பு அப்படியே இருந்தது. திரும்பிப் பார்த்தால், ஆடி வெள்ளியும் அதுவுமாக, முந்தானையால் நெற்றிக் குங்குமத்தை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்.