இருக்கிற இடத்தைச் சொன்னவனுக்கு

மூன்று நாள் ஆலோசனைக்குப் பிறகு, என் செருப்பை அலமாரியின் நடுவரிசை மூன்றாம் அறையிலிருந்து கீழ்வரிசை முதல் அறைக்கு மாற்றுவது என்று இன்று காலை முடிவெடுத்தேன். ரூமில் இருக்கும் மற்ற ஐந்து பேருக்கும் வாய்மொழியாகத் தெரிவிக்கப்பட்டது. ஆட்சேபம் எதுவும் வரவில்லை. புதிதாக வந்திருக்கும் கடலூர்க்காரர் மட்டும் பல் துலக்கிக்கொண்டே, "சரிண்ணே" என்றார். ஐந்து நாற்பதுக்கு மாற்றம் நடைமுறைக்கு வந்தது.

குனிந்து செருப்பை வைத்தபோது நீ ஒட்டிய லேபிள் கண்ணில் பட்டது. வேர்ஹவுஸ் பிரின்டரில் அடித்த வெள்ளை லேபிள். துபாயின் ஜெபல் அலி ஈரக்காற்றில் கேம்ப் சுவரின் பெயின்டே உரிந்து விழுகிறது, இது உரியவில்லை. ரோமன் எழுத்தில் 'ஹொஸ்' என்று இருக்கிறது. கடலூர்க்காரர் அது செருப்புக் கம்பெனியின் பெயரா என்று கேட்டார். இல்லை, ஹங்கேரிய மொழியில் நான்காம் வேற்றுமை மாதிரி ஒன்று என்றேன். அவர் அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

உனக்கு ஹங்கேரிய மொழி தேவைப்பட்டது இலக்கிய ஆர்வத்தால் அல்ல. ஏசி இல்லாத ஷெட்டில் பதினொரு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியபின், அடுத்தடுத்த இரண்டு ஜூலையில் வண்டியிலேயே மயங்கிச் சாய்ந்தாய். இரண்டு முறையும் கம்பெனி டாக்டர் உப்புத்தண்ணீர் கொடுத்து, வெயிலைத் தவிர்க்கச் சொன்னார். நீ அந்த ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொண்டு, வெயிலைத் தவிர்க்க ஒரு நாடு தேடினாய். அப்போதுதான் ஹங்கேரியில் ஒரு தொழிற்சாலையின் கிடங்குக்கு முப்பது பேர் வேண்டும் என்று ஒரு ஏஜென்ட் போனில் செய்தி அனுப்பினார். அங்கே முழங்கால் வரை பனி பெய்யும் என்று மெஸ்ஸில் எச்சரித்தார்கள். "நான் கேக்குறதே அதத்தான்" என்றாய். அடுத்த ஜூலைக்குள் போய்விட வேண்டும் என்பது உன் கணக்கு. அதற்கு ஏழு மாதம் இருந்தது.

நான் டாகுமென்ட் கிளார்க். படிக்கிற பழக்கம் உள்ளவன் என்ற கெட்ட பெயரும் இருந்தது. எனவே ஒரு ஹங்கேரிய இலக்கணப் புத்தகத்தை வாங்கி, விதிகளை நான் படித்துச் சொல்வது, நீ கேட்பது என்று ஏற்பாடாயிற்று. பகல் இடைவேளையில் காலி கன்டெய்னரின் நிழலில் உட்கார்ந்து தொடங்கினோம். அவர்களும் நம்மைப் போலத்தான், சொல்லின் வாலில் ஒட்டுகிறார்கள் என்றேன். பெட்டி அவர்களுக்கு டொபொஸ். பெட்டியில் என்றால் டொபொஸ்பன். பெட்டிக்குள் போடு என்றால் டொபொஸ்பா. பெட்டியிலிருந்து எடு என்றால் டொபொஸ்போல். இப்படிப் பதினெட்டு வேற்றுமை என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று சொன்னேன்.

"எட்டு வேற்றுமைக்குப் பயந்துதான் மாப்ள நான் பள்ளிக்கூடத்த விட்டு ஓடுனேன்" என்றாய். "தொரத்திக்கிட்டே வந்து பத்து சேத்துக் குடுக்குறாங்ய."

ஆனால் ஓடவில்லை. நான் படித்ததை எல்லாம் கேட்டுவிட்டு, இது நம் வேலைதானே என்றாய். சரக்கு வருகிறது, இருக்கிறது, போகிறது. உள்ளே, மேலே, பக்கத்திலே. மும்மூன்று ஒன்பது இடம். எனக்கு இலக்கணமாகத் தெரிந்தது உனக்கு ரேக்காகத் தெரிந்தது. அன்று மாலையே ரூமில் இருந்த ஒன்பது அறைச் செருப்பு அலமாரியில் லேபிள் ஒட்டினாய். மேல்வரிசை பெட்டிக்கு உள்ளே, நடுவரிசை சரக்கு அடுக்கும் பேலட் பலகைக்கு மேலே, கீழ்வரிசை வண்டிக்குப் பக்கத்தில். இடமிருந்து வலமாக வரவு, இருப்பு, போக்கு. ஒரு வாரத்தில் ரூமில் எல்லோரும், தாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, ஹங்கேரிய இலக்கணப்படி செருப்பு விட்டார்கள்.

எனக்குத் தலைவேதனையாக இருந்தது ஓசைதான். டொபொஸ் என்றால் 'பன்'; அலமாரியைக் குறிக்கும் செக்ரேன் என்றால் அதே விகுதி 'பென்'. சொல்லில் எந்த வகை உயிர் இருக்கிறதோ அதற்கேற்ப வால் மாறும். நான் இரண்டு பக்கத்துக்குப் பட்டியல் எழுதிவந்தேன். நீ அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "முன்னாடி வண்டி எந்தப் பக்கம் ஒடிக்குதோ, ட்ரெய்லரும் அந்தப் பக்கந்தான போவும்" என்றாய். இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை என்பதை அப்போதே ஒப்புக்கொண்டிருக்கலாம். ஒப்புக்கொள்ளவில்லை.

'என்னுடைய' என்பதில் மட்டும் நமக்குள் ஒரு சண்டை வந்தது. நாம் 'என் பெட்டிகளில்' என்று 'என்'னை முன்னால் வைக்கிறோம். அவர்கள் பெட்டி, பல, என், இல் என்று வரிசையாகக் கோத்து ஒரே சொல்லாக ஆக்கிவிடுகிறார்கள். சொந்தக்காரனை நடுவில் நசுக்கி வைப்பது முறையல்ல என்பது என் வாதம். பேலட்டில் எது முதலில் ஏறுகிறது என்பது முக்கியமல்ல, சாயாமல் நிற்கிறதா என்பதுதான் முக்கியம் என்பது உன்னுடையது.

நேர்முகத் தேர்வு தேய்ராவில் ஒரு சிறிய ஹோட்டலில் நடந்தது. உனக்குத் துணையாக நானும் பெயர் கொடுத்திருந்தேன். எனக்குக் குளிர் ஆகாது. முதல் நாள் ஏஜென்ட் முப்பது பேரையும் கூட்டி வைத்துப் பயிற்சி கொடுத்தார். டை கட்டிய, மெதுவாகப் பேசுகிற மனிதர். பாஸ்போர்ட்டுகளை அவர் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார். கம்பெனி சேஃபில் இருந்தவற்றை, ரினியூவல் என்று பொய் சொல்லி வாங்கிக் கொடுத்திருந்தோம். ஹங்கேரியிலிருந்து வந்திருக்கும் மேடத்துக்கு அது பிடிக்காது, ஆகவே யாராவது கேட்டால் "வித் மீ மேடம்" என்று சொல்லுங்கள் என்றார். முப்பது பேரும் பத்து முறை சேர்ந்து சொன்னோம். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அப்படி ஒரு கூட்டுப் பாராயணம் நான் கேட்டதில்லை.

அன்று ரூமுக்குத் திரும்பும்போது, ஹங்கேரிய மொழி தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளாமல் இருந்துவிடலாமா என்று என்னைக் கேட்டாய். நான்கு மாதம் எதற்குப் படித்தோம் என்றேன். பேசினால்தான் முப்பது பேரில் தனியாகத் தெரிவாய் என்றேன். அது என் ஆலோசனை. எழுத்தில் இல்லை என்பதால் இங்கே பதிவு செய்கிறேன்.

ஐந்து ஐந்து பேராக மேசைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். நீ அவர்கள் மொழியில் வணக்கம் சொன்னாய். அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். ஐம்பது வயது இருக்கும். பேனாவைக் கோப்பையில் போட்டு எங்கே என்றார், சொன்னாய். எடுத்து லேப்டாப் மேல் வைத்தார், சொன்னாய். ஒன்பது இடமும் தவறில்லாமல் வந்தது. ஏஜென்டுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் தன் சரக்கின் தரத்தைக் கண்டு அவரே சிரித்தார். பிறகு அந்த அம்மாள், அதே குரலில், உன் பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். ரேக்குக்குப் பக்கத்தில் இருப்பதற்கும் ஒரு மனிதரிடம் இருப்பதற்கும் அவர்களுக்கு ஒரே விகுதி. ஏஜென்ட் என்ற சொல்லோடு அதைச் சேர்த்து, உயிர் பிசகாமல் பதில் சொன்னாய்.

பொய்யை நமக்கு ஆங்கிலத்தில் மட்டும்தான் பயிற்றுவித்திருந்தார்கள்.

அதன் பிறகு நடந்தது எல்லாம் ஆங்கிலத்தில். அந்த அம்மாள் பேனாவை மூடினார். பாஸ்போர்ட்டுகள் ஆபீஸில் இருக்கின்றன என்றார் ஏஜென்ட். அந்த அம்மாள் கொண்டுவரச் சொன்னார். இரண்டு மணி நேரம் கழித்து டிரைவர் ஒரு மளிகைப் பையில் முப்பது பாஸ்போர்ட்டையும் கொண்டுவந்தார். அந்த அம்மாள் ஒவ்வொருவர் பெயரையும், அப்பா பெயரையும், ஊர் பெயரையும் மிகுந்த சிரமத்தோடு வாசித்து, கையில் கொடுத்தார். பிறகு லேப்டாப்பை மூடிக்கொண்டு போய்விட்டார். இந்த ஏஜென்ட் மூலம் யாரையும் எடுப்பதில்லை என்று மறுநாள் தெரிந்தது.

"ஒரு ஆளு வாய மூடிருந்தா முப்பது பேரும் போயிருக்கலாம்" என்றார் ஏஜென்ட். அவரிடம் யாரும் கோபப்படவில்லை. உன்னிடம்தான் பட்டார்கள். மெஸ்ஸில் மூன்று மாதம் உனக்குப் பெயர் ஹங்கேரி. சிவகங்கைக்காரர் ஒருவர், அவரும் முப்பதில் ஒருவர், தினமும் தட்டோடு வந்து நிற்பார். "டேய் ஹங்கேரி, சாம்பார் எங்கடா இருக்கு? கரெக்டாச் சொல்லு பாப்போம்." நீ கரண்டியைக் காட்டுவாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், அந்த ஆலோசனை என்னுடையது என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று ஒரே ஒரு முறை கேட்டேன். நீ யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னாய்.

"எங்க இருக்குன்னு கேட்டாங்க மாப்ள. இருக்குற எடத்தச் சொன்னேன். ஸ்டாக் கேட்டா வேற என்ன சொல்றது?"

மற்ற எல்லோரும் நேர்முகத் தேர்வு நடந்த வாரமே பாஸ்போர்ட்டைக் கம்பெனி சேஃபில் திருப்பிக் கொடுத்துவிட்டோம். கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, பழக்கம். நீ மட்டும் உன் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டாய். ஆபீஸிலிருந்து இரண்டு முறை கேட்டார்கள். "மாஃபி பாய், ரினியூவல்" என்று, இல்லை என்பதைக் கேம்ப் அரபியில் சொல்லி, இரண்டு முறையும் அனுப்பிவிட்டாய். வேறு ஏஜென்ட் யாராவது கிடைப்பார்கள் என்று ஜூன் முழுக்கத் தேடினாய். பாடத்தையும் விடவில்லை, புத்தகத்தில் கடைசியாக நாம் படித்தது 'இல்லாமல்' என்பதற்கான விகுதி. ஜூலை வந்தது. இரண்டாம் ஷெட்டில் உன்னைப் போட்டார்கள். அங்கும் ஏசி இல்லை.

இப்போதும் யாராவது எதையாவது எங்கே என்று கேட்டால், உள்ளேயா, மேலேயா, பக்கத்திலா, வந்ததா, இருக்கிறதா, போனதா என்று எனக்குள் ஒன்பது அறை திறந்து மூடுகிறது. டெலிவரி நோட்டில் அது உதவியாகவே இருக்கிறது. பேச்சில் பதில் சற்றுத் தாமதமாக வருவதால், நான் யோசித்துப் பேசுகிறவன் என்று புதிய ஆட்கள் நினைக்கிறார்கள். சிவகங்கைக்காரரிடம் சொல்லவேண்டியதை இன்னும் சொல்லவில்லை. அவர் இப்போது தோஹா தொழில்பேட்டையில் இருக்கிறார். நம்பர் என்னிடம் இருக்கிறது.

நீ வண்டியிலிருந்து மூன்றாம் முறை சாய்ந்தது ஆகஸ்டில், ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். அன்று கம்பெனி சேஃபின் சாவி வைத்திருந்த மேனேஜர் பதினைந்து நாள் லீவில் ஊருக்குப் போயிருந்தார். உன் பெட்டியை நான்தான் திறந்தேன். பாஸ்போர்ட் கையில் இருந்ததால் கான்சுலேட் வேலை உடனே முடிந்தது. நான்காம் நாள் காலை விமானத்தில், சரக்குப் பகுதியில், நீ திருச்சி போய்ச் சேர்ந்தாய்.