மஞ்சளுக்குள் ஒரு கறுப்புக் கோடு

3.3.92 செவ்வாய்

கடும் வெயில். காற்றில்லை. கிணறு இரண்டு முழம் இறங்கிவிட்டது.

செய்ய: சைக்கிள் ரியூப் ஒட்ட. ஸ்பிரிட் தேட. மஞ்சள் பார்க்க.

கமலம் போய் இன்று பதினேழாம் நாள். காகத்துக்கு வைத்த சோறு அப்படியே கிடக்கிறது. நான்கு நாளாக ஒன்றும் தொடவில்லை.

சமைத்துத் தர வந்து நிற்கும் மச்சாள், கமலத்தின் தங்கை, சொல்கிறா: "அத்தான், கறியிலை ஒரு மணம். செத்தவீட்டு மணம்."

"மஞ்சள் கலப்படம். வேறொன்றுமில்லை" என்றேன்.

4.3 புதன்

ஸ்பிரிட் அரைப் போத்தல் கிடைத்தது. மஞ்சளைக் கரைத்து, வடிகட்டி, குழாயில் ஊற்றி, வெயிலுக்கு எதிரே பிடித்து நிறமாலைகாட்டியால் பார்த்தேன். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் விரல் நீளக் கருவி. கல்லூரி ஆய்வுகூடத்தில் முப்பது வருஷம் குழாய் கழுவியதற்குக் கழித்துத் தந்த சாமான். பாவிக்க ஒருவரும் சொல்லித்தரவில்லை. நானே படித்தேன்.

நீலம், ஊதா இல்லை. அது மஞ்சளின் குணம். ஆனால் சிவப்புக்குள் ஒரு கறுப்புக் கோடு. இலைப்பச்சைக்குத்தான் அந்த இடத்தில் கறுப்பு விழும். குழாயைச் சரித்தால் ஓரம் இரத்தம் போல ஒளிர்கிறது. உள்ளே ஏதோ விழித்துக்கொண்டது மாதிரி. கீழே வைத்துவிட்டேன்.

மத்தியானம் அரவை மில். வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர். மில்காரன் சிவலிங்கத்திடம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "நீ மஞ்சளுக்கை இலைத்தூள் கலக்கிறாய்."

"மாஸ்ரர் ஆகேல்லை எண்ட புழுக்கத்தை என்ரை மில்லிலையோ காட்டுறியள், பெரியவர்?"

சிரித்தார்கள். ஆனால் மூன்று பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

6.3 வெள்ளி

மில்லில் சனமில்லை. கூட்டுறவுச் சங்கக்கடையும் அரைக்கக் கொடுத்த தன் மஞ்சளைத் திருப்பி எடுத்ததாம். சிவலிங்கத்தின் மனைவி எங்கள் வாசல் படலையில் நின்று அழுதாவாம்.

சொன்னது சொன்னதுதான். என்றாலும் உறுதி வேண்டும். பெரிய கருவி பல்கலைக்கழகத்தில். சைக்கிளில் போனேன். துணி மூடிக் கிடக்கிறது. அங்கு வேலை செய்பவர்: "கரண்ட் வந்தால் பாப்பம் அண்ணை."

அயலில் மூன்று வீட்டில், எங்களுடையதோடு அதே நாள் அதே மில்லில் அரைத்த மஞ்சள் ஒவ்வொரு கரண்டி வாங்கினேன். கோடு இல்லை. இல்லை. இல்லை.

எங்கள் மஞ்சள் ரின்னில் மட்டும்.

8.3 ஞாயிறு

தகர ரின்னைக் கடதாசியில் கவிழ்த்தேன். மேலே மில் மஞ்சள். அடியில் கட்டிபட்ட வேறு தூள். அறுகம்புல் நார். வாடிய பூவிதழ்.

மச்சாள் கையை வெடுக்கென்று எடுத்துவிட்டா. "ஐயோ அத்தான், இது அக்காவுக்கு இடிச்ச சுண்ணம்!"

செத்தவீட்டில் உரலில் மஞ்சளும் அறுகும் போட்டு, பாடிப் பாடி இடித்து உடலுக்கு வைத்தது. மிச்சத்தை வீட்டில் வைப்பதில்லை.

"ரின்னுக்கை கொஞ்சம் கிடந்தது. மஞ்சள் எண்டு நினைச்சு மேலை கொட்டினனான். ஆர் வைச்சதோ தெரியாது" என்றா.

ரின்னின் அடிப்பக்கத்தில் கடதாசித் துண்டு ஒட்டியிருந்தது. *மாதிரி. வீட்டு உரல். 17.2.92.* கமலத்தை எடுத்த நாள். என் கையெழுத்து.

அள்ளிய ஞாபகம் இல்லை. உரலடியில் குந்திய ஞாபகமே இல்லை. எழுத்து நடுங்கவுமில்லை.

ஒரு கிழமைக்கு மேலாகச் சாப்பிட்டிருக்கிறோம்.

மச்சாள்: "வெளியிலை சொல்லிப்போடாதேங்கோ. முப்பத்தொண்டாம் நாள் கிரியைக்கு ஒரு சனம் படலை தாண்டாது."

9.3 திங்கள்

சங்கக்கடையில் மண்ணெண்ணெய் வரிசை. ஊரே நின்றது. சிவலிங்கமும் நின்றான், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

சொன்னேன். "சிவலிங்கத்தின்ரை மஞ்சள் சுத்தம். பிழை என்ரை வீட்டு ரின்னிலை. அதுக்குள்ளை கமலத்தின்ரை சுண்ணம் கிடந்தது. நான்தான் வைச்சனான். ஓம், சாப்பிட்டம்."

எனக்குப் பின்னால் நின்றவர்கள் நாலைந்து அடி தள்ளிப் போனார்கள். நான் இடத்தை விடவில்லை. அளக்கிறவர் என் போத்தலைத் தொடவில்லை. நிலத்தில் வைக்கச் சொல்லி ஊற்றினார்.

பின்னேரம் மில் ஓடும் சத்தம் கேட்டது.

மச்சாள் உடுப்பை மடித்துப் பையில் வைக்கிறா. நிற்கச் சொல்லிக் கேட்கமாட்டேன்.