ரைசா அத்தைக்கு அப்போது என்ன வயது

அன்பு மகள் ஸிவ்யாவுக்கு, இஸ்ரேலில் அக்கோ நகரிலிருந்து அப்பா எழுதுவது, 2014 நவம்பர். கடவுள் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், என் இடது முட்டி மட்டும் சுகமில்லை, அது இப்போதெல்லாம் என் பேச்சைக் கேட்பதில்லை, உன் அம்மா கட்சியில் சேர்ந்துவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் அந்த டொரொன்டோ குளிரில் விறைக்காமல் இருக்கிறீர்களா, உங்கள் சுகம் பற்றி நாலு வரி எழுது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் உன் அம்மா பக்கத்தில் நின்று நடுநடுவே திருத்துவாள், கடைசியில் கதை அவளுடையதாகிவிடும். இதை முழுசாக நான்தான் சொல்லவேண்டும். நான் நாலாம் வகுப்போடு நின்றவன், பிழை இருந்தால் நீ படித்த படிப்பை வைத்துச் சரி செய்துகொள், அதற்குத்தானே படிக்கவைத்தேன்.

மூன்றாம் மாடி ரைசா அத்தை, உனக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன் என்று விரலில் பென்சிலால் தட்டினவள், செப்டம்பரில் நம் யூதப் புது வருஷப் பண்டிகைக்கு மூன்று வாரம் முன்னால் குளியலறையில் விழுந்துவிட்டாள். எலும்பு முறியவில்லை, பயப்படாதே. ஆனால் அரை நாள் தரையிலேயே கிடந்திருக்கிறாள். ஒரு குரல் கொடுக்கக் கூடாதா என்று கேட்டால், தலையில முடி சுருட்டுற உருளை மாட்டியிருந்தேன்டா, அந்தக் கோலத்துல ஆளுங்க பாக்கணுமா என்கிறாள். பீர்ஷேபாவிலிருந்து அவள் மகன் போரிஸ் வந்தான், முதியோர் இல்லத்தில் இடம் பேசிவிட்டேன், டிசம்பரில் ஹனுக்கா பண்டிகைக்குள் வீட்டைக் காலி பண்ணு என்று சொல்லிவிட்டுப் போனான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது, உதவிக்கு வரும் பெண் வாரத்தில் கொஞ்ச நேரம்தான் வருகிறாள், மீதி நேரம் விழுந்தால் யார் தூக்குவது. ஆனால் அந்த இல்லத்தில் பியானோவை உள்ளே விடமாட்டார்களாம். அன்றிலிருந்து ரைசா அத்தை ராத்திரி பகல் பார்க்காமல் வாசிக்கிறாள், உன் அம்மா கேட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்குவாள், கண் கலங்கினால் வெங்காயம் என்பாள்.

நான்தான் கேட்டேன், ரைசாம்மா, நாற்பத்தொன்றாம் வருஷப் போரில் ஜெர்மன்காரனுக்குத் தப்பி ரயிலேறி ஓடிவந்தவர்களுக்கு அரசாங்கம் கூடுதல் நேரத்துக்கு ஆள் அனுப்புகிறதே, இத்தனை வருஷம் நீ ஏன் எழுதிப் போடவில்லை என்று. அவள் ஜன்னலைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. நம் பேட்டை முதியோர் மன்றத்தில் அவளுக்கு வயது எழுபத்தொன்று. அந்தக் கணக்குப்படி அவள் பிறப்பதற்குள் ரயில் ஏறி ஓடும் வேலையெல்லாம் முடிந்துவிட்டது. எழுதிப் போட்டால் எண்பது வெளியே வரும். இருபது வருஷமாக என் சலூனில் அவள் தலைக்குச் சாயம் பூசுகிறவன் நான், வாய் என்ன சொன்னாலும் முடியின் வேர் பொய் சொல்லாது. வயசைச் சொன்னா வீடு இருக்கும், மறைச்சா வீடு போகும், எது வேணும்னு நீயே சொல்லு என்றேன். ஒரு நாள் முழுக்க யோசித்தாள். புருஷனை விடுவதற்குக்கூட இவ்வளவு யோசிக்கவில்லையாம்.

சரி என்று காகிதங்களை எடுத்தால் அங்கே ஒரு சிக்கல். அவளுடைய பிறப்புச் சான்று போரில் போய்விட்டது, பிறகு உஸ்பெகிஸ்தானில் நம் பழைய ஊரான சமர்கந்தில் எடுத்த நகலில் பிறந்த ஊரும் சமர்கந்த் என்றே எழுதியிருக்கிறார்கள். சமர்கந்தில் எவன் குண்டு போட்டான். உக்ரைனின் கிரெமென்சுக்கிலிருந்து ஓடிவந்தவள்தான் என்று சொல்ல, கூடவே ஓடிவந்த ஒரு சாட்சி வேண்டும். அப்படி உயிரோடு இருப்பது ஒரே ஆள். யார் என்று நினைக்கிறாய், முதல் மாடி ஃபீரா.

இரண்டு பேரும் பேசி ஏழு வருஷம் ஆகிறது என்று உனக்குத் தெரியும், ஏன் என்று தெரியாது. மன்றத்தில் அக்கார்டியன் வாசிக்கும் நஹூமிடம் ஃபீரா, ரைசா எனக்கு மூத்தவ என்று சொல்லிவிட்டாளாம், அவ்வளவுதான். ஃபீராவுக்கு மன்றத்தில் அறுபத்தொன்பது. போர் முடிந்த சந்தோஷத்தில் பிறந்த குழந்தையாம், வருஷா வருஷம் வெற்றி நாளன்று கேக் வெட்டுகிறாள். நான் போய்க் கேட்டதும், என்னடா உளர்ற, நான் அப்பப் பொறக்கவே இல்லையே, பொறக்காதவ எப்படிடா சாட்சி சொல்லுவா என்றாள். நான் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். புது வருஷ விருந்துக்கு நாலு நாள் முன்னால் சாயம் பூசிக்கொள்ள வந்தாள், வகிடு வெள்ளைக் கோடு போட்டாற்போல் இருந்தது. அடடா ஃபீராம்மா, சாயம் தீந்துபோச்சே என்றேன். அலமாரியில பாட்டில் தெரியுதே என்றாள். அது சாட்சி சொல்றவங்களுக்குன்னு எடுத்து வச்சது என்றேன். அவள் திட்டிய திட்டை எழுதினால் தபால்காரன் இந்தக் கடிதத்தைக் கையால் தொடமாட்டான். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

பண்டிகையெல்லாம் முடிந்து ஹைஃபாவில் அந்த அரசாங்க அலுவலகத்துக்கு என் காரில் போனோம், ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால். இல்யாவ், ஜன்னலைச் சாத்தச் சொல்லு அவளை. இல்யாவ், எனக்கு மூச்சு முட்டுதுன்னு சொல்லு அவகிட்ட. வழி முழுக்க இதே பாடு. அலுவலகத்தில் ஒரு சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும், பொறுமைசாலி. நீ வெளியே இரு என்று இரண்டு கிழவிகளும் ஒரே குரலில் சொன்னார்கள், அந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமை. ஆனால் ஃபீராவுக்குக் காது மந்தம், அந்தப் பெண்ணுக்கு ருஷ்ய மொழி அரைகுறை, அதனால் என்னையே உள்ளே கூப்பிட்டாள். பிறந்த வருஷம் கேட்டபோது ஃபீரா என் காதில் ரகசியமாகச் சொன்னாள், நான் அதை உரக்கச் சொல்லவேண்டியதாயிற்று. என் பிழைப்பில் அவ்வளவு ருசியான வேலை செய்ததில்லை.

அந்தப் பெண் கணினியில் தட்டினாள், நிமிர்ந்து பார்த்தாள், உங்க கோப்பு பன்னெண்டு வருஷமா இங்கேயே இருக்கேம்மா என்றாள். பிறக்கவே இல்லை என்றவள், அரசாங்கம் உதவிக்கு அனுப்பிய பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு, தூரத்துச் சொந்தம் என்று நம் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். நாம் அந்தச் சொந்தத்துக்குப் பண்டிகைப் பலகாரம்கூடக் கொடுத்தோம். ரைசா அத்தை எழுந்து நின்றுவிட்டாள். அடி கள்ளி, எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு என்றாள். ஏழு வருஷத்தில் முதல்முறையாக நேராக, என் மூலமாக இல்லாமல். ஃபீரா கைப்பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். உட்காருங்கம்மா, உங்களுக்கு வேண்டியது இதுலயே இருக்கு என்ற அந்தப் பெண், படிக்கலாமா என்று ஃபீராவைக் கேட்டாள், அவள் தலையை ஆட்டினாள். பன்னிரண்டு வருஷம் முன்னால் ஃபீரா எழுதிக்கொடுத்தது இதுதான். எனக்கு நான்கு வயது. வழியில் ரயில் நின்றது, விமானம் வந்தது, எல்லோரும் வயலுக்குள் ஓடினார்கள். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், நான் ரயிலிலேயே இருந்துவிட்டேன். பக்கத்து வீட்டு ரைசா திரும்பி ஏறிவந்து என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அவளுக்கு ஏழு வயது. எங்கள் பெட்டி பிறகு எரிந்துபோனது. சமர்கந்த் போகும்வரை அவள் என் கையை விடவில்லை. இவ்வளவுதான்.

உன் அப்பா சாவு வீட்டிலும் சிரிக்க ஏதாவது கண்டுபிடிப்பவன், எனக்கு அங்கே ஒன்றும் அகப்படவில்லை, முட்டியைத் தடவிக்கொண்டிருந்தேன். ஃபீரா தலையைத் தூக்காமலே, எழுதிக்கோ பொண்ணே, அவ எனக்கு மூத்தவ, தூக்கினவ மூத்தவளாத்தானே இருக்கணும் என்றாள். எந்த வார்த்தைக்காக ஏழு வருஷம் பேசாமல் இருந்தார்களோ அதே வார்த்தை. ரைசா அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மாட்டினாள், மறுபடி கழற்றித் துடைத்தாள். அதுல ஒரு திருத்தம் இருக்கு என்றாள். அந்தப் பெண் பேனாவை எடுத்தாள். ஏழு இல்ல, ஆறு என்றாள் ரைசா அத்தை.

திரும்பும்போது இரண்டு பேரும் பின்னால் உட்கார்ந்தார்கள், நான் வாடகைக் கார் ஓட்டுகிறவன் மாதிரி வந்தேன். நேற்று அரசாங்கத்தின் பதில் வந்துவிட்டது, கூடுதல் நேரம் உண்டு, போரிஸும் முதியோர் இல்லத்தில் இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான், பியானோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. மன்றத்துக்கு இருவரும் ஒரு உடன்படிக்கை செய்திருக்கிறார்கள், இனிமேல் இரண்டு பேருக்கும் எழுபது, யாரும் கூடுவதில்லை, யாரும் குறைவதில்லை.

கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே போகாதே, மாமியார் சொன்னால் ஒரு காதில் வாங்கு, மறு காதை எனக்காகத் திறந்து வை. உன் வீட்டில் விளக்கும் அடுப்பும் அணையாமல், நீயும் மாப்பிள்ளையும் நூற்றிருபது வயது வாழ ஆண்டவன் அருளட்டும், நிஜ நூற்றிருபது, மன்றத்து நூற்றிருபது இல்லை. அடுத்த மாதம் ரைசா அத்தைக்குப் பிறந்தநாள், வாழ்த்து அட்டை அனுப்ப மறக்காதே, மறந்தும் அதில் எண் எதுவும் எழுதாதே. எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் ஆறு என்று எழுது.

உன் அப்பா,
இல்யாவ்